மணலில் விட்டுவந்த வண்டி யாருடையது?

கண்டி வீதியால் வடக்கு நோக்கி வரும் பிரயாணி எவரும் ஆனையிறவை அண்மிக்கும்போது ஒரு பழைய புல்டோசரைக் காணாமல் வரமுடியாது. 1991ஆம் ஆண்டு யூலை மாதம் ஆனையிறவு முகாமைக் கைப்பற்றும் பொருட்டு விடுதலைப் புலிகள் நடத்திய சமரில், உருக்குத் தகடு போர்த்து முன்னே செலுத்தப்பட்ட வாகனம் அது. மண் தள்ளவும் காணி திருத்தவும் செய்யப்பட்ட இயந்திரத்துக்குக் கவசம் அணிவித்துப் போருக்கு அனுப்பினார்கள். யூலை 14ஆந் திகதி காமினி குலரத்ன என்ற இராணுவ வீரர் கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, அதனை நிறுத்தித் தாமும் மடிந்தார். நாட்டின் அதியுயர் இராணுவ விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. அந்த வாகனம் இன்று அவருடைய நினைவுச் சின்னம். அதன் உள்ளே இருந்தவர்களும் தாய் வயிற்றில் பிறந்தவர்களே. அவர்களுக்கு அங்கே நினைவிடம் இல்லை.

அந்தச் சமரில் யார் பக்கம் நியாயம் என்று வழக்காட இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதைப் பேச வேறு இடங்கள் உண்டு; பேசுவோரும் குறைவில்லை. எமது கேள்வி அதனிலும் சிறியது. ஆனால் எம்மிற் பலருடைய வீட்டுக் கோடிவரை வரக்கூடியது. நீண்ட யுத்தம் எமது மண்ணில் விட்டுச்சென்ற வாகனங்கள் பல ஆயிரம். கவச வாகனங்கள், இராணுவ லொறிகள் மாத்திரமல்ல, உழவு இயந்திரங்கள், பேருந்துகள், மோட்டார் சைக்கிள்கள், எண்ணில் அடங்காத துவிச்சக்கர வண்டிகள். அவற்றுள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மேடையேறின. மிகுதியிற் பெரும்பகுதி தராசில் ஏறிக் கிலோக் கணக்கில் விலைபோய் உலையில் உருகிற்று. இன்னுஞ் சில பற்றைக்குள்ளும் மணலுக்குள்ளும் கிடக்கின்றன. இவற்றை எடுக்க யாருக்கு உரிமை? எடுப்பவன் எடுக்குமுன் எதனைக் கேட்கக் கடமைப்பட்டவன்?

மணலில் கைவிடப்பட்ட போர் வாகனங்களை மீட்பது என்றவுடன் உலகம் முதலில் நினைப்பது வட ஆபிரிக்காவை. 1940 தொடக்கம் 1943 வரை எகிப்து, லிபியா ஆகிய நாடுகளின் பாலைவனங்களிற் பிரித்தானியரும் இத்தாலியரும் ஜெர்மானியரும் பொருதினர். எண்ணெய் தீர்ந்தது, அச்சு முறிந்தது, வழி தவறியது என்று விட்டுப்போன வாகனங்கள் அங்கே ஏராளம். ஈரமில்லாத காற்று இரும்பை எளிதிற் தின்பதில்லை. எமது உப்புக்காற்றில் பத்து வருடத்தில் உதிர்ந்துபோகும் தகடு அங்கே அரை நூற்றாண்டு நிலைத்து நிற்கும்.

1958ஆம் ஆண்டில் லிபியப் பாலையில் எண்ணெய் ஊற்றுத் தேடிச் சென்றவர்கள் மணலில் ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தைக் கண்டார்கள். 1943 ஏப்ரில் 4ஆந் திகதி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைத் தாக்கச் சென்று திரும்பும் வழியில், இருளில் கடற்கரைத் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்தின் நடுவே விழுந்த ‘லேடி பி குட்’ என்னும் விமானம் அது. உள்ளே வானொலிக் கருவி பழுதின்றி இருந்தது; தண்ணீர் இருந்தது. ஆட்கள் இல்லை. ஒன்பது பேரும் முன்னரே பரசூட்டில் குதித்திருந்தார்கள். விமானம் கிடைத்தபின்பே ஆட்களைத் தேடும் வேலை ஒழுங்காக ஆரம்பித்தது. 1960ஆம் ஆண்டில் எட்டுப் பேருடைய எச்சங்கள் கிடைத்தன. அவர்களிற் பெரும்பாலானோர் கையில் இருந்த சொற்பத் தண்ணீருடன் நாட்கணக்கில் வடக்கு நோக்கி நடந்து மடிந்திருந்தார்கள் என்பது அப்போதே உலகத்துக்குத் தெரிந்தது. ஒன்பதாமவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதனைச் சற்று நின்று யோசியுங்கள். அந்த விமானத்தைக் கண்டவர்கள் அலுமினியத் தகடாக வெட்டி விற்றிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. விட்டு வைத்து, இலக்கத்தைக் குறித்து, உரியவர்களுக்கு அறிவித்ததனால் எட்டுக் குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை எங்கே, எப்படி இறந்தான் என்று தெரிந்தது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் எகிப்தின் மேற்குப் பாலையில் ஒரு கிற்றிஹோக் போர் விமானம் கண்டெடுக்கப்பட்டது. 1942 யூன் 28ஆந் திகதி காணாமற்போன டெனிஸ் கொப்பிங் என்ற பிரித்தானிய விமானி ஓட்டியது. இறங்கியபோது அவர் உயிருடன் இருந்தார் என்பதற்கு அருகில் விரித்திருந்த பரசூட் சாட்சி. விமானத்தை எப்படிக் கொண்டுவருவது, எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்று பெரிய பேச்சுவார்த்தைகள் நடந்தன. ஈற்றில் அது எல்-அலமெய்ன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் புதுப் பூச்சும் பூசிக்கொண்டது. விமானி கிடைக்கவில்லை. இதற்கு மாறாக, 1980ஆம் ஆண்டளவில் லிபியாவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு செவ்றொலே லொறியை இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் துருவைச் சுரண்டாமல், கண்டெடுத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தது. இரண்டிலும் எது மேல் என்று கேட்டால், பூச்சுப் பூசாததே மேல் என்பேன். துருவும் ஒரு வாக்குமூலந்தான்.

அந்தப் பாலைவனத்துக்கு வேறொரு முகமும் உண்டு. அங்கே வாழும் பெதுயின் இடையர்களுக்குப் பழைய இரும்பு பொழுதுபோக்கன்று, அது உணவு. ஆட்டுக்குப் புல் இல்லாத காலத்தில் உருக்கைப் பொறுக்கி விற்றார்கள். எல்-அலமெய்னில் புதைத்த கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன. அவற்றிற் காலை இழந்தவர்களில் பலர் யுத்தம் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். இந்தப் பகுதியை வாசிக்கும் கிளிநொச்சி, பளை வாசகருக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

இனி எமது மணலுக்கு வருவோம்.

குடாநாட்டில் பாலைவனம் இல்லை. ஆனால் வடமராட்சி கிழக்கில், மணற்காட்டில், மணல் மேட்டுக்குள் புதைந்து சுவர் மாத்திரம் தெரியும் பழைய அந்தோனியார் ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு மணல் என்ன செய்யும் என்பது தெரியும். அந்தக் கரையே தெற்கே நீண்டு முல்லைத்தீவுக்குப் போகிறது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய அந்த மணற்றிடலில்தான் 2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தது.

அங்கே வந்து சேர்ந்த வாகனங்கள் எப்படி வந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 2009 சனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. அதற்கு முன்பும் பின்புமாகத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று எம்மக்கள் இடம் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியது குறைந்துகொண்டே வந்தது. முதலில் கூரைத் தகரமும் கதவும் நெல் மூட்டையும் ஏறின. பிறகு தையல் இயந்திரமும் பானை சட்டியும். பிறகு வயோதிபரும் காயப்பட்டவரும் மாத்திரம். கடைசியில் சேலையைத் தைத்து மணல் நிரப்பிக் காப்பகழி கட்டிய இடத்தில் வண்டி நின்றது. அங்கிருந்து நெஞ்சளவு தண்ணீரில் நந்திக்கடலைக் கடந்தவர்கள் பிள்ளையைத் தோளில் வைத்தார்களேயன்றி வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். முள்ளிவாய்க்கால் மணலில் வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த படங்களை உலகமே பார்த்தது.

அந்த வாகனங்களைக் ‘கைவிடப்பட்ட வாகனங்கள்’ என்று அறிக்கைகளும் பத்திரிகைகளும் எழுதின. அந்தச் சொல்லில்தான் எனக்கு வழக்கு.

கைவிடுதல் ஒன்று, விட்டுவர நேர்தல் வேறொன்று. இந்த வேறுபாடு நான் இன்று கண்டுபிடித்ததன்று. உரோமைச் சக்கரவர்த்தி யுஸ்தீனியன் 533ஆம் ஆண்டில் வெளியிடுவித்த சட்டநூலில் இது தெளிவாக உண்டு. வேண்டாம் என்ற எண்ணத்தோடு ஒருவன் எறிந்த பொருளை முதலில் எடுப்பவன் அதற்கு உரிமையாளன் ஆவான். ஆனால் புயலில் அகப்பட்ட கப்பலின் பாரத்தைக் குறைக்கக் கடலில் எறிந்த பொருள் அப்படியன்று. எறிந்தவன் அது வேண்டாம் என்று எறியவில்லை. உயிர் தப்ப எறிந்தான். அது கரையில் ஒதுங்கினாலும், கடலில் மிதந்தாலும், ஆதாயம் கருதி எடுத்தவன் களவு செய்தவனே. ஓடும் வண்டியிலிருந்து சொந்தக்காரன் அறியாமல் விழுந்த பொருளுக்கும் இதே நியாயம் என்று அந்நூல் சேர்த்துக்கொள்கிறது. இது எங்கோ கிடக்கும் பழங்கதையும் அன்று. இலங்கையின் பொதுச் சட்டமாய் இன்றும் வழங்குவது உரோமன்-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்து ஆங்கிலேயர் விட்டுவைத்த அச்சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முள்ளிவாய்க்காலில் நின்ற உழவு இயந்திரம் புயலில் எறிந்த சரக்கு. இதற்கு மேல் சட்டப் புலமை எதுவும் வேண்டியதில்லை.

யுத்தத்திற் கிடைத்தது வென்றவனுக்கு என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒழுங்குவிதிகள் எதிரி அரசின் போர்த் தளபாடத்தைக் கைப்பற்ற இடங்கொடுக்கின்றன. தனியாருடைய போக்குவரத்துச் சாதனங்களையும் போர்த்தேவைக்கு எடுக்கலாம் என்கின்றன. ஆனால் சமாதானம் வந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்து நட்டஈடும் வழங்கவேண்டும் என்று விதிக்கின்றன. அவ்விதிகள் நாடுகளுக்கிடையே நடக்கும் யுத்தத்துக்கு எழுதப்பட்டவை. ஒரே நாட்டுக்குள் நடந்த யுத்தத்துக்கு நேரே பொருந்தமாட்டா என்று சட்டத்தரணி ஒருவர் சொல்லக்கூடும். அப்படியானால் கேட்கிறேன்: அந்நியனுடைய வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடமை உண்டென்றால், சொந்தக் குடிமகனுடைய வண்டிக்குக் கடமை குறையுமா, கூடுமா?

அந்தக் கரையிலேயே இன்னொரு இரும்பும் நின்றது. 2006 டிசெம்பரில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் சென்ற ‘பாரா-3’ என்னும் ஜோர்தான் கப்பல் இயந்திரக் கோளாறினால் முல்லைத்தீவுக் கடலில் ஒதுங்கியது. மாலுமிகள் உயிருடன் கரைசேர்ந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அனுப்பப்பட்டார்கள். யுத்தம் முடிந்த பின்னும் சில காலம் கப்பலின் துருப்பிடித்த உடல் அங்கே நின்றது. தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்தார்கள். அந்தக் கப்பலுக்குப் பெயர் இருந்தது, கொடி இருந்தது, தூர தேசத்தில் உரிமை கேட்க ஒருவர் இருந்தார். சிறிது தூரத்திற் கிடந்த உழவு இயந்திரத்தின் சொந்தக்காரரோ முட்கம்பிக்குள் இருந்தார். பதிவுப் புத்தகம் மணலுக்குள் இருந்தது.

எம்மவர் வாகனத்தை இலேசில் விடுபவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு பொருளாதாரத் தடையின் காரணமாகப் பெற்றோல் குடாநாட்டுக்கு வராதபோது, ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் பட்டறைக்காரர் தாமே கடைந்து போட்டார்கள். அப்படிப்பட்ட சனம் ஒரு வண்டியைத் திறப்போடு விட்டுவிட்டு நடந்ததென்றால், எப்படிப்பட்ட வேளையில் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதைக் ‘கைவிட்டார்கள்’ என்று எழுதக் கை கூசவேண்டும்.

2009 மட்டுமன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் புறப்பட்டுச் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்ததை வயது வந்த வாசகர் எவரும் மறந்திரார். மழை, இலட்சக்கணக்கான சனம், ஓர் அடி வைக்க ஒரு நிமிடம். அன்று வீதியோரம் சாத்திவைத்த சைக்கிள்கள் எத்தனை! பூட்டி விட்டுவந்த வீட்டு முற்றங்களில் நின்ற வண்டிகள் எத்தனை! அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் கூரை, யன்னல், நீர் இறைக்கும் இயந்திரம், கிணற்றுக் கப்பி வரை போயிருந்த கதையை ஊருக்கு ஊர் சொல்லுவார்கள். எடுத்தவர் எல்லாரும் சீருடை அணிந்தவர் என்று சொல்ல எம்மால் முடியுமா? முடியாது. முன்னே திரும்பி வந்தவன் பின்னே வந்தவனுடையதை எடுத்ததும் உண்டு. அந்தத் தையல் இயந்திரமும் அந்தச் சைக்கிளும் வெகுதூரம் போகவில்லை. சில அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தன.

இந்த இடத்தில் நியாயம் சற்றுச் சிக்கலாகிறது. பற்றைக்குள் கிடந்த லொறியின் அச்சை வெட்டி விற்று அன்றைய அரிசியை வாங்கியவனையும் களவாளி என்று சொல்லலாமா? மீள்குடியேறி, வெறும் தறப்பாளின் கீழ் இருந்தவன் அவன். வயலில் கண்ணிவெடி, கடலில் தடை, கூலி வேலையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே விளைச்சல் இரும்பு. புனித தோமஸ் அக்குவினாஸ் இதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை சொல்லியிருக்கிறார். உயிர் போகும் அளவுக்கு நெருக்கடி வந்தவன் மற்றொருவனுடைய பொருளிலிருந்து தன் தேவைக்கு எடுத்தால் அது களவும் அன்று, கொள்ளையும் அன்று என்பது அவருடைய போதனை. ஆகவே அந்த மனிதனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன்.

ஆனால் அவனிடம் வாங்கியவர் பட்டினி கிடக்கவில்லை. லொறியும் தராசும் கொண்டுவந்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேளாமல் நிறுத்து, வந்த விலையில் கால்வாசிகூடக் கொடாமல் போனவருக்கு அக்குவினாசின் போதனை எப்படி அடைக்கலம் தரும்? இலக்கத்தகட்டோடு வந்த உழவு இயந்திரத்தை வெட்டுவதற்கு எழுத்தில் அனுமதி கொடுத்தவருக்கும் பசி இல்லை. ஏழை எடுத்ததை மாத்திரம் களவு என்று பேசி, வாங்கியதை வியாபாரம் என்று விட்டுவிடும் பழக்கம் எம்மிடம் ஊறிக்கிடக்கிறது. பழைய இரும்பு விடயத்தில் அது உயிரையும் எடுத்தது. வெடிக்காத எறிகணையை வெறும் இரும்பென்று எண்ணி வெட்டப்போய் மாண்டவர்களுடைய செய்தி வட பகுதியிற் பல தடவை வந்தது. சிறுவர் பொறுக்கி வந்ததையும் விலைக்கு எடுத்த கடைகள் இருந்தன. அந்தப் பிள்ளை திரும்பவும் போகும் என்பது எடுத்தவருக்குத் தெரியாதா?

முகமாலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டாண்டு காலம் இரு தரப்பாரும் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. உலகிலேயே மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைத்த நிலங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அங்கே முழந்தாளில் இருந்து விரற்கடையாக மண்ணைச் சுரண்டுபவர்களில் எமது கிராமத்துப் பெண்கள் பலர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களுடைய வேலைத்தலத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வேலையை நிறுத்தி நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். வெடி அகற்றுபவருக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு. என்ன கிடைத்தது, எந்த ஆழத்தில், எந்த இடத்தில் என்று குறித்த பின்பே கை வைப்பார்கள். இரும்பு அகற்றுபவருக்கு அப்படியொரு கட்டுப்பாட்டை யாரும் விதிக்கவில்லை.

விதித்திருந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். செம்மணியைக் கேளுங்கள். 2025ஆம் ஆண்டில் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் தோண்டியபோது எலும்புக்கூடுகளோடு ஒரு பிள்ளையின் நீலநிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, செருப்பு, வளையல் என்பனவும் வந்தன. ஓகஸ்ட் மாதத்தில், நீதிமன்றத்தின் உத்தரவின்படி, அந்தப் பொருட்களைப் பொதுமக்கள் பார்த்து அடையாளம் காட்டும்படி காட்சிக்கு வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பொருளைப் பார்க்க வரவில்லை. பொருளின் சொந்தக்காரரைத் தேடி வந்தார்கள். எலும்பு சொல்லமாட்டாத பெயரை ஒரு பை சொல்லக்கூடும். பை சொல்லுமானால், இலக்கம் பொறித்த வாகனம் சொல்லாதா? 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்துக்கு வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்களிற் சிலருக்கு, மகன் கடைசியாய்ப் போன மோட்டார் சைக்கிள் எந்த இடத்திற் கிடந்தது என்ற ஒரு குறிப்பு எவ்வளவு பெரிய செய்தியாயிருக்கும்! அந்தக் குறிப்பையும் சேர்த்துத்தான் நாம் கிலோவுக்கு விற்றோம். லேடி பி குட் விமானத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு வன்னி மகனுடைய மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் கோடிக்கு வருகிறேன், மன்னிக்கவேண்டும்.

சில வீடுகளில் இன்றும் அந்த நாளில் ‘வந்த’ பொருட்கள் உண்டு. ஒரு சைக்கிள், ஒரு நீர் இறைக்கும் இயந்திரம், லாண்ட்மாஸ்ரரின் ஒரு சில்லு. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அது தகப்பன் வாங்கியதாகவே தெரியும். பழைய ஏற்பாட்டின் உபாகமம், சகோதரனுடைய மாடோ ஆடோ வழிதவறி நிற்கக் கண்டால் காணாதவன்போல் போகாதே என்கிறது. அவன் யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடிவரும்வரை உன் வீட்டில் வைத்திரு என்கிறது. யாத்திராகமமோ பகைவனுடைய மாட்டுக்கும் அதே கட்டளையை இடுகிறது. கவனியுங்கள்: வீட்டுக்குக் கொண்டுவருவதை வேதம் தடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போக விடுவதைவிட எடுத்து வைப்பது நல்லது. ஆகவே 1995இலோ 2010இலோ அதை எடுத்து வந்தவர் அன்று செய்தது பிழையென்று எவரும் சட்டென்று சொல்லிவிட முடியாது. எடுத்தது காப்பதற்கா, கொள்வதற்கா என்பதே கேள்வி. அதற்கு விடை எடுத்த நாளில் இல்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நாளிலும் இருக்கிறது. யாருடையது என்று ஒரு தடவையாவது விசாரித்தோமா?

சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால்? கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ போய்விட்டிருந்தால்? அதற்கும் ஒழுங்கு உண்டு. இறந்தவருடைய உரிமை அவருடைய வாரிசுக்குச் சேரும். கடல் கடந்தவரை விசாரிக்க இந்தக் காலத்தில் ஒரு கிழமை போதும். யாழ்ப்பாணத்தான் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவனுடைய ஊர்ச்சங்கம் அங்கே இருக்கும். நன்றாய்த் தேடியும் ஆள் அகப்படவில்லையென்றால், அதன் பெறுமதியை ஏழைக்குக் கொடுத்து, உரியவருடைய நன்மைக்காக ஒப்புக்கொடுப்பதே எமது ஒழுக்க இயல் அறிஞர்கள் காட்டிய வழி. தேடாமலே தர்மம் கொடுத்துவிட்டு நிம்மதியடைவதை அவர்கள் ஏற்கவில்லை. முதலில் தேடவேண்டும்.

துருப்பிடித்த இரும்புக்கு என்ன பெறுமதி என்று சிரிக்கிறவர்கள், விட்டுவந்தவரிடம் போய்க் கேட்டுப் பார்க்கலாம். உழவு இயந்திரத்தைத் தவணைக்கு எடுத்து, கடைசித் தவணை கட்டு முன்னே விட்டுவந்தவர்கள் வன்னியில் உண்டு. சீதனக் காசில் வாங்கியது, மூத்தவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, கணவன் போனபின் விதவையின் ஒரே வருமானமாய் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது காணிக்குப் பத்திரம் கேட்டார்கள்; வேலி இழந்தவன் எல்லைக் கல்லைக் காட்டினான். வண்டி இழந்தவன் எதைக் காட்டுவான்?

காட்டுவதற்கு ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது. இலக்கத்தகடு கழன்று போனாலும், ஒவ்வொரு வாகனத்தின் அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். துருவை மெதுவாய்த் தேய்த்தால் பெரும்பாலும் வாசிக்கலாம். அராவி அழித்திருந்தாலும் அமிலம் தடவி மீட்டெடுக்கும் முறை பொலிஸ் விசாரணைகளில் உண்டு. அரசாங்கப் பதிவு பெற்ற வாகனமானால் அந்த இலக்கம் கொழும்பில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் இருக்கவேண்டும். பற்றைக்குள்ளோ மணலுக்குள்ளோ ஒரு வண்டியைக் காண்பவர் முதலில் எட்டி நிற்கட்டும், வெடி இருக்கலாம். கிராம அலுவலருக்கு அறிவித்து, இடம் பாதுகாப்பானது என்று கண்டபின், அந்த இலக்கத்தையும், வண்டி கிடந்த இடத்தையும், உள்ளே இருந்தது என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதட்டும். அதன் ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் போகட்டும். வெட்டுவதும் விற்பதும் அதற்குப் பிறகு பேசவேண்டிய விடயம்.